ஹெட்டர் என்ற பெயரில் கழற்றப்படும் கேட்கான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சத்தம் போடும் சைலன்சர்களைக் கழற்றி வாங்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிற படம் செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும். நடுராத்திரியில் ஈசிஆரில் வெடிச்சத்தம் கேட்டுத் தூக்கம் கெட்டவர்களுக்கு அதைப் பார்த்தால் மனசு ஆறும், எனக்கும்தான். ஆனால் ரோலருக்கு அடியில் போவதெல்லாம் பெரும்பாலும் பைக்கின் பின்னால் தொங்குகிற குழாய். கார்களில் நடக்கிற வேலை பானெட்டுக்கு அடியில் நடக்கிறது, பெரிதாகச் சத்தம் வராமலும் நடக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் குழாய் வளைத்து ஆர்கான் வெல்டிங் செய்கிற தொழிலில் இருப்பவன் நான். ஹெட்டர் செய்து தரச் சொல்லிப் பையன்கள் வருகிறார்கள், வேறெங்கோ வாங்கி மாட்டிக்கொண்டு ரிப்பேருக்கும் வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்; வெட்டுவதாக இருந்தால், புகையின் நச்சைக் குறைக்கிற பாகமான கேட்கான் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த புகை வெளியே வரும் இடத்தில் கம்பெனிக்காரர்கள் வழக்கமாக வார்ப்பிரும்பில் ஒரு மேனிஃபோல்டு வைப்பார்கள். செலவு குறைவு, சத்தத்தை அடக்கும், வண்டி ஓடும் காலம் முழுக்கத் தாங்கும். குறை என்னவென்றால் நாலு சிலிண்டர் புகையும் கொஞ்ச தூரத்திலேயே கலந்துவிடும். மாம்பலம் ஸ்டேஷனில் இரண்டு ரயில் கூட்டமும் ஒரே நேரத்தில் ஒரே படிக்கட்டில் ஏறுகிற கதைதான். ஹெட்டர் என்பது அதற்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனி ஸ்டீல் குழாய், ஏறக்குறைய ஒரே நீளத்தில், சற்றுத் தள்ளிப் போய் ஒன்று சேருவது. "புகை தாராளமாப் போகும் சார், அதான் பவர்" என்று கடையில் சொல்வது பாதி விளக்கம். எக்சாஸ்ட் வால்வு திறந்ததும் புகை ஒரு துடிப்பாகக் கிளம்புகிறது, அந்த அழுத்த அலை குழாய்கள் சேரும் இடத்தைத் தொட்டதும் அங்கிருந்து அழுத்தம் குறைந்த அலையாகத் திரும்பி வருகிறது, காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அது வந்து சேர்ந்தால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுத்துவிடும், புதுக் காற்று அந்த அளவுக்குக் கூடுதலாக உள்ளே வரும். எந்த ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, அந்த அலை சரியாக வந்து சேரும் என்பதைத் தீர்மானிப்பது குழாயின் நீளம். நீளக் குழாய் கீழ் ஆர்பிஎம்மில் வேலை செய்யும், குட்டைக் குழாய் மேலே.

இது தெரிந்தால் எதை வாங்குவது என்பதில் பாதி முடிந்தது. நாலு குழாயும் ஒரே இடத்தில் சேருவது 4-1. இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாவது 4-2-1. ஆர்பிஎம் முள் எப்போதும் மேலேயே நிற்கிற ரேஸ் வண்டிக்கு 4-1 சரி. அண்ணா சாலையிலும் கத்திப்பாராவிலும் இரண்டாவது, மூன்றாவது கியரில் 2,000, 3,000 ஆர்பிஎம்மில் ஊர்கிற வண்டிக்கு அதை மாட்டினால், இருந்த பிக்கப்பும் போய்விட்டது என்று பையன்கள் திரும்பி வருவார்கள். ஊர் வண்டிக்கு 4-2-1 தான். குழாயின் விட்டத்திலும் இதே தப்பு நடக்கிறது: பெரிய குழாய் நல்லது என்று ஒரு நினைப்பு. புகையின் வேகம் குறைந்துபோனால் உறிஞ்சும் வேலையே நடக்காது. 1.2, 1.5 லிட்டர் என்ஜினுக்கு ஒன்றரை அங்குலத்தைச் சுற்றியே போதும், சிலிண்டர் ஹெட்டில் புகை வெளியே வரும் ஓட்டையான போர்ட்டின் வாயை அளந்து பார்த்து அதற்கு ஏற்ப எடுக்க வேண்டும்.

4-2-1 என்று விற்பதிலும் ஒரு கோளாறு உண்டு. நம் ஊரில் ஓடுகிற நாலு சிலிண்டர் கார்கள் பெரும்பாலானவற்றில் எரியும் வரிசை 1-3-4-2. அப்படியானால் முதல் குழாய் நாலாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் சேர வேண்டும், அப்போதுதான் ஜோடியில் இருக்கும் இரண்டு துடிப்பும் சம இடைவெளியில் வரும். வெல்டிங் செய்யச் சுலபம் என்று பக்கத்துப் பக்கத்துக் குழாய்களை, ஒன்றையும் இரண்டையும், ஜோடி சேர்த்து விற்கிறார்கள். கடையில் கையில் எடுத்து, இடது ஓரக் குழாய் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். வலது ஓரக் குழாயோடு சேரவில்லை என்றால் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். பாலிஷ் எவ்வளவு மின்னினாலும் சரி.

அடுத்தது, எல்லாக் காருக்கும் ஹெட்டர் கிடையாது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐ என்ஜினில் மேனிஃபோல்டு தனியாகவே இல்லை, சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்திருக்கிறார்கள். ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்டும் அப்படித்தான், பழைய 1.8 ஹோண்டா சிவிக்கும் அப்படித்தான். கழற்றுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் எதை மாற்றுவது? டர்போ வண்டி என்றால் மேனிஃபோல்டு நேராக டர்போவுக்குப் போகிறது, அது வேறு கணக்கு. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான், மாருதி எஸ்டீம் மாதிரிப் பழைய வண்டிகளில் பானெட்டைத் திறந்தால் கை உள்ளே போகும், ஹெட்டரும் உட்காரும், பலனும் தெரியும். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில், அதாவது பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிப்படி செய்தவற்றில், சிக்கல் அதிகம்.

கேட்கான், அதாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சூடானால்தான் வேலை செய்யும். சுமார் 300 டிகிரி வர வேண்டும். வண்டியை எடுத்த உடனேயே சூடேற வேண்டும் என்பதற்காக அதைக் கொண்டுவந்து மேனிஃபோல்டோடு ஒட்ட வைத்துவிட்டார்கள், பல வண்டிகளில் இரண்டும் ஒரே பாகம். ஆகவே மேனிஃபோல்டைக் கழற்றினால் கேட்கானும் சேர்ந்து வருகிறது. புதிய ஹெட்டரில் அதற்கு இடம் வைத்துச் செய்யலாம். மெனக்கெட வேண்டும், செலவும் கூடும், எனவே பல இடங்களில் அந்த இடத்தில் வெறும் குழாயைப் போட்டு மூடிவிடுகிறார்கள். பையனுக்குத் தான் ஹெட்டர் மாட்டியிருக்கிறோம் என்று மட்டும் தெரியும். கழற்றிய கேட்கான் எங்கே போனது என்று அவன் கேட்பதில்லை. உள்ளே தேன்கூடு அமைப்பில் இருக்கும் பீங்கான் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். எடைக்கு வாங்க ஆள் இருக்கிறது. "பழைய பார்ட்ஸைக் கொடுத்துட்டா ஃபிட்டிங் ஃப்ரீ" என்று யாராவது சொன்னால், அந்த ஃப்ரீக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். பிறகு மனசு மாறி ஒரிஜினல் கேட்கான் வாங்கப் போனால் ஹெட்டருக்குக் கொடுத்ததைவிட அதிகம் கேட்பார்கள்.

கேட்கான் இல்லாத வண்டி என்ன செய்கிறது? கார்பன் மோனாக்சைடும், எரியாத பெட்ரோலும், நைட்ரஜன் ஆக்சைடும் அப்படியே வெளியே வருகின்றன. சிக்னலில் பின்னால் நிற்கிற ஸ்கூட்டர்காரருக்குக் கண் எரியும். வண்டிக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து செக் என்ஜின் லைட்டை எரிய வைக்கும், உடனே அதற்கும் ஒரு வைத்தியம்: சென்சாருக்கு அடியில் ஒரு சின்னக் குழாய்த் துண்டை மாட்டிப் புகை ஓட்டத்திலிருந்து தூக்கி வைத்துவிடுவது. லைட் அணைந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். புகைப் பரிசோதனையில் மாட்டாதா என்று கேட்பீர்கள். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை, பின் குழாயில் ஒரு கம்பியைச் செருகிப் பார்க்கிற சோதனை அது. பெட்ரோல் வண்டியில் நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை. சொந்தக் கார் 15 வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்வரை, அடியில் குனிந்து பார்க்கிற அதிகாரி யாரும் கிடையாது.

இதைத் தடுக்கச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ 182ஏ பிரிவில் இருக்கிறது. சத்தம், காற்று மாசு விதிகளை மீறினால் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். ஆக, ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நல்ல ஹெட்டர் மாட்டுவதும்கூடச் சட்டத்தின் முன் கேள்விக்குரியதே. என்னிடம் வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் அளவெடுக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஓட்டுகிற வண்டி என்றால் பேச்சே வேறு.

இனி வாங்கும்போது ஏமாறும் இடங்கள். எல்லோரும் காந்தம் கொண்டுவருகிறார்கள். ஒட்டவில்லை என்றால் 304 கிரேடு எஸ்எஸ் என்று நம்பிக் காசை எண்ணிக் கொடுக்கிறார்கள். மாடிப்படிக் கைப்பிடி செய்கிற 202-இலும் காந்தம் ஒட்டாது! நிக்கல் குறைத்து மாங்கனீஸ் கூட்டிச் செய்த மலிவு ஸ்டீல் அது, ஹெட்டரின் சூட்டுக்கும் நம் கடற்காற்றுக்கும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால் கார் கம்பெனிகளே எக்சாஸ்டுக்குப் போடுகிற 409 கிரேடில் காந்தம் நன்றாக ஒட்டும். அதனால் காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டு, பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்டீல் வியாபாரிகளிடம் சொட்டு வைத்துப் பார்க்கிற டெஸ்டிங் திரவம் இருக்கிறது, நிறம் மாறுவதை வைத்து 202-ஐக் காட்டிக் கொடுத்துவிடும்.

தடிமன் 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் அளவு, இருந்தால் நல்லது. 18 கேஜில் எடை குறையும், வெல்டிங் ஓரத்தில் விரிசலும் சீக்கிரம் வரும். வளைவுகளைப் பாருங்கள், உள்பக்கம் மடிப்பு விழுந்து நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் குழாய் சிறுத்துப்போயிருக்கிறது. ஹெட்டோடு சேர்த்து முறுக்குகிற தகடான ஃபிளாஞ்ச் எட்டு, பத்து மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். மெல்லிய தகடாக இருந்தால் சூட்டில் வளைந்து எந்த கேஸ்கெட் போட்டாலும் லீக் ஆகும். அப்புறம், வெளியே தெரிகிற வெல்டிங் அழகில் மயங்காமல் குழாய் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கருகிப் பொரிந்து உதிர்கிற மாதிரி இருந்தால், வெல்டிங் செய்யும்போது குழாய்க்கு உள்பக்கம் ஆர்கான் வாயு விடவில்லை என்று அர்த்தம். நாலு வாயிலும் விரலை விட்டுச் சுற்றினால், ஃபிளாஞ்சும் குழாயும் சேரும் இடத்தில் படி மாதிரி தட்டக்கூடாது. ஃபிளாஞ்சின் ஓட்டை ஹெட்டின் போர்ட்டைவிடச் சின்னதாகவும் இருக்கக்கூடாது.

மாட்டுவதில் அவசரம் கூடாது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு, வருஷக் கணக்கில் வெந்து ஒன்றோடொன்று பிடித்திருக்கும். முதல் நாள் சாயங்காலமே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊற விட வேண்டும். ஸ்டட் உள்ளே முறிந்தால் ஒரு மணி நேர வேலை ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். பழைய நட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். கேஸ்கெட் புதிதாக, அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டாக இருக்கட்டும். அந்த இடத்தில் சிலிகான் பேஸ்ட் தடவுகிற மெக்கானிக்கைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம், அது முதல் ஓட்டத்திலேயே எரிந்துபோகும். எல்லா நட்டையும் கையால் பிடித்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய், மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். வண்டி ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறியதும் மறுபடி முறுக்க வேண்டும், இதைப் பாதிப் பேர் செய்வதில்லை. நம் கார்களில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடும், எனவே ஹெட்டருக்குக் கீழே வளைந்து கொடுக்கிற ஒரு ஃப்ளெக்ஸ் துண்டு இல்லாவிட்டால் அந்த ஆட்டம் முழுவதும் வெல்டிங்கில் இறங்கும்.

ஆக்சிஜன் சென்சார் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். நாலு குழாயும் சேர்ந்த பிறகு இருக்க வேண்டும், நாலில் ஏதோ ஒரு குழாயில் மட்டும் வைத்தால் ஒரு சிலிண்டரின் சேதியை மட்டும்தான் அது சொல்லும். தலைகீழாகவோ படுத்தோ இருக்கக்கூடாது, மேல்பக்கம் சாய்வாக இருந்தால்தான் புகை குளிர்ந்து உள்ளே உண்டாகிற தண்ணீர் அதில் தேங்காது. சென்சாருக்கு முன்னால் எங்காவது லீக் இருந்தால் புகை வெளியே போவதோடு நிற்பதில்லை, இரண்டு துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும். "ஹெட்டர் போட்டா மைலேஜ் அடிவாங்கும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதில் பாதி இந்த லீக்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம், வண்டி சூடானதும் சத்தம் மறைகிறது என்றால் வால்வு டேப்பெட்டின் சத்தம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இரும்பு விரிந்து ஓட்டையை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஃபிளாஞ்ச் ஓரத்தில் கரிக்கோடு இருக்கும். இதில் விளையாட்டு வேண்டாம், பானெட்டுக்குள் கசிகிற புகை கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வழியில் கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வெயிலுக்கு ஏசியை ஓடவிட்டு வண்டியிலேயே தூங்குகிற பழக்கம் நம் ஊரில் நிறைய பேருக்கு உண்டு.

சூடு தாங்குகிற துணியான ஹீட் ராப்பை ஹெட்டரில் சுற்றுவது பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். திருவான்மியூரிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று அடிக்கிற ஊரில், அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே குழாயைத் தின்றுவிடும். கம்பெனி கொடுத்த ஹீட் ஷீல்டைத் தூக்கிப் போடாமல் அதையே வெட்டி வளைத்து மாட்டுவது மேல். ஸ்டியரிங் ராக்கின் ரப்பர், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர், ஏசி பைப், ஒயரிங் இவற்றுக்கும் ஹெட்டருக்கும் நடுவே விரல் தாராளமாகப் போக வேண்டும். ஆயில் ஃபில்டர் ஹெட்டருக்கு மேலே வருகிற வண்டியில் ஆயில் மாற்றும்போது சிந்தியதைத் துடைக்காமல் விட்டால் புகை மட்டும் வராது, தீயும் வரும். கீழே தொங்குகிற ஹெட்டர் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நவம்பர் மழையில் வேளச்சேரித் தண்ணீருக்குள் சூடான எக்சாஸ்டை இறக்கினால் வெல்டிங்கும் போகலாம், கேட்கானின் பீங்கானும் விரிசல் விடலாம்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? டர்போ இல்லாத 1.2 லிட்டர் என்ஜினில், ஈசியூவின் செட்டிங்கையும் மாற்றி ரீமேப் செய்தால், ஒற்றை இலக்கத்தில் சில குதிரைத்திறன். "20 ஹெச்பி கூடும்" என்கிறவரிடம், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் பவரை அளக்கிற மெஷினான டைனோ ஒன்றிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு நின்றுவிடும். அதே காசுக்கு நல்ல டயர் போட்டால் வண்டி ஓட்டுவதில் வித்தியாசம் அதிகமாகத் தெரியும் என்பது என் கட்சி, ஆசை யாரை விட்டது என்பது வேறு விஷயம்.

அந்த ஆசைக்கு ஒரு நேர்வழி இல்லை என்பதுதான் என் குறை. கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியம் சோதித்து எண் கொடுத்த ஹெட்டரை ரோட்டு வண்டியில் மாட்டலாம், கேட்கானில் மட்டும் கை வைக்கக்கூடாது. ஜெர்மனியில் பாகத்தை ஆய்வு செய்து வண்டியின் ஆவணத்தில் பதிந்து தருகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டிலேயே சிஎன்ஜி கிட்டுக்கு இந்த ஏற்பாடு இருக்கிறது: சோதனை மையம் ஒப்புதல் கொடுத்த கிட், அதை மாட்டியதும் ஆர்டிஓவில் ஆர்சியில் பதிவு. ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கேட்கானை அதன் இடத்திலேயே வைத்துக்கொள்கிற ஹெட்டரை அங்கே கொடுத்துச் சோதித்து ஒப்புதல் வாங்க ஒரு வழி வைத்தால், என்னைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள் கட்டணம் கட்டி வரிசையில் நிற்கத் தயார்.

அதுவரை காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் சத்தத்தை மட்டும் கேட்டுப் பிடிக்காமல், கேட்கான் இருக்கிறதா என்று பார்க்கலாம். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்றும் ஒரு டார்ச்சும் போதும், புகைப் பரிசோதனை மையத்திலேயே சில நிமிடத்தில் முடிகிற வேலை. இதற்கு ஏதாவது உத்தரவு இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று உங்கள் நிருபர் ஒருவரைப் போக்குவரத்து ஆணையர் அலுவலகத்தில் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை-53